கிளாஸ் மரபுரிமையும் இயக்கநேர வகையும்: முதல் நிரல் எழுதுபவருக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் என் பெரியப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, தேக்சா, நாற்காலி, ஜமுக்காளம், மேடை சோபா, மைக் செட், ஜெனரேட்டர் என்று கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் வேண்டியவை அங்கே வாடகைக்குக் கிடைக்கும். அந்தக் கடைக்குப் பில் போடும் நிரல் ஒன்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டபோது பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நம்பினேன். ஏழு வாரம் ஆயிற்று. அதில் பெரும்பகுதி இரண்டே விஷயங்களில் கரைந்தது: எந்தக் கிளாஸ் எதற்குப் பிள்ளை என்று முடிவு செய்வதிலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஒரு ஆப்ஜெக்ட் உண்மையில் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதிலும். இரண்டையும் நான் தேர்வுக்காகப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன் என்பதால்தான், அவை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேலே மேலே எழுதிச் சென்றேன்.

நெல்லை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கோ ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே, சொந்தக்காரர் கடைக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ முதல் நிரலை எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளஸ் ஒன்னில் தமிழ்வழியில் படித்தவர்கள் இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம் என்ற சொற்களை அறிவீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் புழங்குவது கிளாஸ், ஆப்ஜெக்ட், மெத்தட் என்பதால் நானும் அவற்றையே பயன்படுத்துகிறேன். கிளாஸ் என்பது ஒரு வகைக்கான வார்ப்பு, ஆப்ஜெக்ட் அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் ஒன்று, மெத்தட் அது செய்யும் வேலை. மேலே இருக்கும் கிளாஸைத் தாய் என்றும், அதிலிருந்து வருவதைப் பிள்ளை என்றும் சொல்வேன். தாயில் எழுதியதைப் பிள்ளையும் பெறுவதே மரபுரிமை. மொழி பைத்தான், ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸிலும் மாறுபடுகிறவற்றை 8ஆம் படியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. கணினியைத் திறப்பதற்கு முன் சேகரிக்க வேண்டிய தாள்கள்

முதலில் கடையின் பழைய சிட்டைகளில் நாற்பதையாவது எடுத்து நகல் செய்துகொள்ளுங்கள். ஒரே மாதத்துச் சிட்டைகளாக எடுக்காதீர்கள். முகூர்த்த மாதச் சிட்டையில் நாற்காலியும் பாத்திரமும் நிறைந்திருக்கும். கொடைச் சிட்டையில் ஜெனரேட்டரும் மைக் செட்டும் வரும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடித்துப் போகிற குடும்பங்களின் சிட்டையில் இரண்டு தேக்சா, ஒரு அண்டா, நான்கு கரண்டி என்று சமையல் சாமான் மட்டுமே இருக்கும். இந்த மூன்றும் வேண்டும். அவற்றோடு கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் வாடகைப் பட்டியலையும், உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் எவ்வளவு பிடிப்பது என்று எழுதி வைத்திருக்கும் நோட்டையும், சரக்கு இருப்புப் பேரேட்டையும் கேட்டு வாங்குங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டையும் நான் வாங்கவில்லை. நிரல் முடிந்த பிறகுதான் தொலைந்த கரண்டிக்கு ஒரு கணக்கும் நசுங்கிய அண்டாவுக்கு வேறொரு கணக்கும் இருப்பது எனக்குத் தெரிந்தது.

தாள்களை மேசையில் பரப்பி, கணக்குப் போடும் முறை ஒன்றாக இருப்பவற்றை ஒரே அடுக்காக வையுங்கள். பொருள் எப்படி இருக்கிறது, எதனால் ஆனது, எந்த அறையில் கிடக்கிறது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பித்தளை அண்டாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் எண்ணிக்கை, நாள், வாடகை என்ற ஒரே கணக்கில் வந்தால் அவை ஒரே அடுக்குதான். ஜெனரேட்டருக்கு நாள் வாடகையோடு டீசலும் சேருவதால் அது தனி அடுக்கு. உங்கள் கிளாஸ்கள் இந்த அடுக்குகளிலிருந்தே பிறக்க வேண்டும்.

2. செலவும் காலமும்

மென்பொருளுக்குச் செலவே இல்லை. பைத்தான், அதை எழுத உதவும் வி.எஸ். கோட், எழுதியதைச் சரிபார்க்கும் மைபை ஆகிய மூன்றும் இலவசம். பைத்தானின் அதிகாரப்பூர்வப் பயிற்சி ஏட்டில் 9ஆம் அத்தியாயம் முழுவதும் கிளாஸ்களைப் பற்றியது. ஆவணங்கள் அனைத்தையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பதால், சிக்னல் நிற்காத ஊரில் இருப்பவர்கள் ஒருமுறை பாளையங்கோட்டைக்கோ தென்காசிக்கோ வரும்போது எடுத்துச் சென்றுவிடலாம். இந்த ஒரு பாடத்துக்காகப் பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர வேண்டிய தேவை இல்லை. எனக்குக் கையை விட்டுப் போனது நகல் எடுத்த காசும் ஒரு நீள நோட்டின் விலையும்தான்.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைத்தான் 3.9 தொடங்கி எந்தப் பதிப்பும் விண்டோஸ் 7இல் நிறுவ முடியாது. இக்கட்டுரையில் பின்னால் வரும் ஓவர்ரைடு என்ற பாதுகாப்பு 2023 அக்டோபரில் வந்த 3.12இலிருந்துதான் பைத்தானோடு சேர்ந்தே கிடைக்கிறது. ஆகவே உங்கள் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அரை நாள் செலவழித்து எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு பிறகு தொடங்குங்கள். பைத்தானில் ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. எனவே புதுப் பதிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நாளுக்கு இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தால் தாள்களுக்கு இரண்டு நாள், கிளாஸ்களை எழுத ஐந்து நாள், சேமிப்புக்கு மூன்று நாள், பழைய சிட்டைகளோடு ஒப்பிட ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிறுவும் நாளை மார்கழியில் வையுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கும். பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரத்தில் எக்காரணம் கொண்டும் புது நிரலைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

3. தாய் கிளாஸைத் தீர்மானிப்பது

பாடநூல் ஒரு சோதனையைச் சொல்லித் தருகிறது: 'இது ஒரு வகையான அது' என்று சொல்ல முடிந்தால் மரபுரிமை வைக்கலாம். ஜெனரேட்டர் ஒரு வகையான வாடகைப் பொருள், சரி. இந்தச் சோதனை அவசியமானது, ஆனால் போதாது. இங்கேதான் நான் முதல் வாரத்தை இழந்தேன்.

பந்தல் வாசலில் கட்டும் குலை வாழையையும் கடையே வாங்கிக் கொடுக்கும். சிட்டையில் அதுவும் ஒரு வரியாக வருவதால் குலைவாழை என்ற கிளாஸை வாடகைப்பொருள் என்ற தாயிலிருந்து எழுதினேன். தாய் கிளாஸில் திரும்பப்பெறு என்ற மெத்தட் உண்டு. வாழை திரும்பி வராது என்பதால், பிள்ளை கிளாஸில் அந்த மெத்தட்டை யாராவது கூப்பிட்டால் பிழை எழுப்பும்படி எழுதி வைத்தேன். கல்யாணம் முடிந்து சாமான் திரும்பிய அன்று, வரிசையில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறும் சுழற்சி நான்காவது வரியில் இருந்த வாழையில் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் இருந்த நூற்றைம்பது நாற்காலியும் கணக்கில் 'வெளியே' என்றே கிடந்தன. மறுநாள் வேறொருவர் நாற்காலி கேட்டபோது நிரல் இருப்பு இல்லை என்றது. நாற்காலிகளோ கடை வாசலிலேயே அடுக்கியிருந்தன.

ஆகவே இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள். தாயின் ஆப்ஜெக்டைப் பயன்படுத்தும் எந்த இடத்திலும் பிள்ளையின் ஆப்ஜெக்டை வைத்தால் அந்த இடத்துக் கணக்கு கெடாமல் நடக்க வேண்டும். கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவின் பெயரால் லிஸ்கோவ் பதிலீட்டு விதி என்று இதைச் சொல்வார்கள். தாய் தரும் ஒரு மெத்தட்டைப் பிள்ளை 'எனக்கு இது பொருந்தாது' என்று மறுக்க நேர்ந்தால், மரபுரிமை தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். என் நிரலில் சரியான அமைப்பு இதுதான்: எல்லாவற்றுக்கும் மேலே சிட்டைவரி என்ற கிளாஸ், அதில் கட்டணம் என்ற ஒரே மெத்தட், அதன் கீழே வாடகைப்பொருள், விற்பனைப்பொருள் என்று இரண்டு பிள்ளைகள், திரும்பப்பெறு என்பது வாடகைப்பொருளில் மட்டும். வாழை விற்பனைப்பொருளின் கீழே போயிற்று. சுழற்சியும் வாடகைப் பொருள்களை மட்டுமே சுற்றத் தொடங்கியது.

'கொடை செட்' என்று நூறு நாற்காலி, ஒரு ஜெனரேட்டர், ஒரு மைக் செட் மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் கொடுப்பதும் உண்டு. அதை ஜெனரேட்டருக்கும் மைக்செட்டுக்கும் ஒரே நேரத்தில் பிள்ளையாக எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். கொடை செட் ஜெனரேட்டரின் ஒரு வகை அன்று, ஜெனரேட்டரை உள்ளே வைத்திருப்பது. அதைச் சிட்டைவரிக்குப் பிள்ளையாக வைத்து, உள்ளே மற்ற ஆப்ஜெக்டுகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால், திரும்பும் நாளில் அந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். இரண்டு தாய் வைப்பதைப் பைத்தான் அனுமதிக்கிறது. அப்போது, தாயின் மெத்தட்டைக் கூப்பிட உதவும் சூப்பர் என்பது உங்கள் நேர் தாயைக் குறிக்காமல், மெத்தட்டைத் தேடும் வரிசையில் அடுத்து நிற்கும் கிளாஸைக் குறிக்கலாம். முதல் நிரலில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

4. ஆக்கியில் தாயைக் கூப்பிடுவது

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் என்ற மெத்தட்டைப் பாடநூல் ஆக்கி என்கிறது. பிள்ளைக்கென்று தனி ஆக்கி எழுதினால் தாயின் ஆக்கி தானாக ஓடாது. சூப்பர் வழியாக நீங்கள்தான் கூப்பிட வேண்டும். நாற்காலிக்கு நிறம் சேர்ப்பதற்காக ஒரு ஆக்கி எழுதிவிட்டுச் சூப்பரை மறந்தேன். தாய் வைத்திருக்க வேண்டிய நாள்வாடகை என்ற மதிப்பு உருவாகவே இல்லை. பிழை உடனே வந்திருந்தால் நல்லது. அது வந்ததோ சிட்டை அச்சாகும் கடைசி நேரத்தில், அதுவும் தாய் கிளாஸின் வரியைச் சுட்டிக்கொண்டு. எனவே, 'இப்படி ஒரு பண்பு இல்லை' என்ற பிழை தாயின் வரியில் வந்தால், முதலில் பிள்ளைகளின் ஆக்கிகளைத் திறந்து பாருங்கள். பிள்ளை ஆக்கியின் முதல் வரியாகச் சூப்பரை எழுதிவிட்டு மற்றதை எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கிறது. உடைந்தவை என்ற வெற்றுப் பட்டியலை ஆக்கிக்குள் எழுதாமல் கிளாஸின் உடலில் நேரடியாக எழுதினால், அந்த ஒரே பட்டியலை எல்லா ஆப்ஜெக்டுகளும், பிள்ளை கிளாஸ்களின் ஆப்ஜெக்டுகளும்கூட, பங்கிட்டுக்கொள்ளும். ஒரு வீட்டில் உடைந்த நாற்காலி ஊர் முழுவதும் உள்ள வாடிக்கையாளர் கணக்கில் ஏறிவிடும்.

5. பெயர் ஒரு எழுத்து மாறினால்

ஒரு மெத்தட்டைக் கூப்பிட்டதும் பைத்தான் அந்த ஆப்ஜெக்டின் சொந்தக் கிளாஸில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தாய், அதன் தாய் என்று ஏறி, எதில் முதலில் கிடைக்கிறதோ அதை ஓட்டும். இந்தத் தேடல் நிரல் ஓடும்போது நடக்கிறது. மரபுரிமையின் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது. என் பெரிய இழப்பும் இதனால்தான் வந்தது.

பைத்தானில் கிளாஸ் பெயரையும் மெத்தட் பெயரையும் தமிழிலேயே வைக்கலாம். வைத்தேன். சிட்டையைப் படிக்கும் பெரியப்பாவுக்கும் புரியட்டும் என்பது என் எண்ணம். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. வாடகைப்பொருள் கிளாஸில் 'கட்டணம்' என்ற மெத்தட் நாள் வாடகையை எண்ணிக்கையாலும் நாளாலும் பெருக்கும். ஜெனரேட்டர் கிளாஸில் அதையே டீசலும் சேரும்படி மாற்றி எழுதினேன். அங்கே அவசரத்தில் மூன்று சுழி ணகரத்துக்குப் பதிலாக இரண்டு சுழி னகரம் விழுந்து 'கட்டனம்' ஆகிவிட்டது. பைத்தானுக்கு அது ஒரு புதிய மெத்தட், அவ்வளவுதான். அதை யாரும் கூப்பிடவில்லை. சிட்டை 'கட்டணம்' கேட்டது; ஜெனரேட்டரில் அந்தப் பெயர் இல்லாததால் தாயினுடையது ஓடியது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை.

இரண்டு இரவு நடந்த ஒரு கொடைக்குச் சரியான கணக்கு இப்படி இருக்க வேண்டும்: நாள் வாடகை ரூ.1,800 வீதம் இரண்டு நாளைக்கு ரூ.3,600, 14 மணி நேரம் ஓடியதில் மணிக்கு 4 லிட்டர் வீதம் 56 லிட்டர் டீசல், லிட்டர் ரூ.93 என்று ரூ.5,208, மொத்தம் ரூ.8,808. நிரல் கொடுத்த சிட்டையில் இருந்ததோ ரூ.3,600 மட்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளும் போய்விட்டார். அன்று இரவு பெரியப்பா போனில், "ஏல, ரெண்டு ராத்திரி ஓடுன மிஷினுக்கு டீசல் காசை எங்கல போட்ட?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றேன். திரையில் கட்டணம், கட்டனம் இரண்டையும் பத்து முறை பார்த்திருப்பேன். கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தது. பிழையைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் செய்யுங்கள். முதலாவது, தாயில் உள்ள கட்டணத்தை அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் என்று அறிவிப்பது. ஏபிசி என்ற தொகுதியிலிருந்து அதே பெயருள்ள கிளாஸைத் தாய்க்குத் தாயாக வைத்து, மெத்தட்டின் தலையில் அந்தக் குறியைப் போட வேண்டும். குறியை மட்டும் போட்டுவிட்டு ஏபிசியை விட்டுவிட்டால் எந்தப் பயனும் இல்லை. இப்படிச் செய்தபின், கட்டணம் என்ற அதே பெயரில் எழுதாத பிள்ளையிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கவே முடியாது. கடை திறக்கும் முன்பே நிரல் நின்றுவிடும். அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்டுக்கும் உடல் இருக்கலாம் என்பதால், நாற்காலி போன்ற எளிய பிள்ளைகள் சூப்பர் வழியாகத் தாயின் கணக்கையே ஒரு வரியில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பிள்ளையில் மாற்றி எழுதும் ஒவ்வொரு மெத்தட்டின் மேலும் ஓவர்ரைடு குறியைப் போட்டு, மைபையை ஓட்டிப் பார்ப்பது. தாயில் இல்லாத பெயருக்கு அந்தக் குறி இருந்தால் மைபை சொல்லிவிடும். பைத்தான் தானாகச் சொல்லாது. மைபையை ஓட்டாமல் குறியை மட்டும் போடுவது பூட்டை வாங்கிக் கதவில் மாட்டாமல் வைப்பதற்குச் சமம்.

6. ஆப்ஜெக்டின் உண்மையான வகையை அறிவது

பைத்தானில் மாறி என்பது ஒரு பெயர்ச்சீட்டு. வகை சீட்டுக்கு உரியதன்று, சீட்டு ஒட்டியிருக்கும் ஆப்ஜெக்டுக்கு உரியது. ஆப்ஜெக்ட் உருவாகும்போதே எந்தக் கிளாஸ் என்று அதனோடு பதிந்துவிடுகிறது. இதைத்தான் இயக்கநேர வகை என்கிறோம். எண்ணிக்கை என்ற பெயருக்குப் பக்கத்தில் 'முழு எண்' என்று வகைக் குறிப்பு எழுதினாலும் ஓடும்போது பைத்தான் அதைச் சரிபார்ப்பதில்லை. கல்லாவில் தட்டச்சு செய்வதை வாங்கும் இன்புட் எப்போதும் எழுத்துச் சரத்தையே தரும். 12 என்று தட்டியதை எண்ணாக மாற்றாமல், வாடகை 7 ரூபாயாலும் 2 நாளாலும் பெருக்கினேன். 168 வர வேண்டிய இடத்தில் 12 என்பது பதினான்கு முறை அடுத்தடுத்து அச்சாகி, சிட்டையின் ஓரத்தைத் தாண்டிப் போயிற்று.

வகையைக் கேட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. டைப் என்பது ஆப்ஜெக்டின் நேர் கிளாஸை மட்டும் சொல்லும். ஐஸ்இன்ஸ்டன்ஸ் என்பது, அந்தக் கிளாஸோ அதற்குப் பிள்ளை, பேரப்பிள்ளை ஆகிய எதுவோ என்றாலும் ஆம் என்று சொல்லும். அட்வான்ஸ் வாங்கும் பகுதியில், டைப் சரியாக ஜெனரேட்டராக இருந்தால் ரூ.5,000, மற்றவற்றுக்கு ரூ.500 என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்துச் சத்தம் கேட்காத சைலன்ட் ஜெனரேட்டர் ஒன்று கடைக்கு வந்தது. அதை ஜெனரேட்டருக்குப் பிள்ளையாக எழுதினேன். டீசல் கணக்கு ஒழுங்காக வந்தது. ஆனால் அதன் நேர் வகை ஜெனரேட்டர் அன்று என்பதால் அட்வான்ஸ் ரூ.500 என்று விழுந்தது. கடையிலேயே விலை கூடிய பொருள் அண்டாவுக்குரிய அட்வான்ஸோடு வெளியே போயிற்று.

ஐஸ்இன்ஸ்டன்ஸிலும் ஒரு குழி உண்டு. பைத்தானில் உண்மை, பொய் என்ற பூல் வகை முழு எண் வகையின் பிள்ளை. எண்ணிக்கை முழு எண்தானா என்று ஐஸ்இன்ஸ்டன்ஸால் கேட்டால், 'உண்மை' என்ற மதிப்புக்கும் ஆம் என்று வரும். கணக்கில் அது 1 ஆகும். படிவத்தில் டிக் போடும் கட்டத்தின் மதிப்பு எண்ணிக்கைக் கட்டத்துக்கு மாறி வந்தால், நூறு நாற்காலி ஒரு நாற்காலியாகப் பதிவாகும். எண்ணிக்கையைச் சோதிக்கும்போது முதலில் பூல் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பிறகு முழு எண்ணா என்று கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு என் உறுதியான கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் பகுதியில் டைப்பை எடுத்துவிட்டு ஐஸ்இன்ஸ்டன்ஸ் போட்டிருந்தால் அன்றைக்குத் தப்பியிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியே அங்கே இருந்திருக்கக் கூடாது. சிட்டைவரியில் அட்வான்ஸ் என்று ஒரு மெத்தட் வைத்து, ஜெனரேட்டரில் அதை மாற்றி எழுதியிருந்தால், சிட்டை போடும் பகுதி எதன் வகையையும் கேட்காமல் ஒவ்வொன்றிடமும் அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருக்கும். என் நிரலில் 'இது நாற்காலியா, இது சோபாவா, இது ஜெனரேட்டரா' என்று கேட்கும் இடங்கள் முதலில் 11 இருந்தன. இப்போது இரண்டு இருக்கின்றன. ஒன்று, கல்லாவிலிருந்து மதிப்பு உள்ளே வரும் இடம். மற்றது, கோப்பிலிருந்து படிக்கும் இடம். வெளியிலிருந்து வருவது எதுவென்று தெரியாத வாசலில் வகையைக் கேட்பது நியாயம். உள்ளே வந்த ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்ப யார் நீ என்று கேட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு புதுப் பொருள் வாங்கும்போதும் எல்லாக் கேள்விகளையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

7. சேமித்து மீண்டும் எடுக்கும்போது வகை தொலைவது

தரவை எழுத்தாகச் சேமிக்கும் ஜேசான் கோப்பில் எண், எழுத்துச் சரம், உண்மை பொய், வெறுமை, பட்டியல், பெயர் மதிப்புத் தொகுப்பு ஆகியவை மட்டுமே நிற்கும். உங்கள் ஜெனரேட்டருக்கு அங்கே இடம் கிடையாது. அதன் உள்மதிப்புகளை மட்டும் எழுதி வைத்தால், மறுநாள் திறக்கும்போது திரும்பி வருவது டிக்ஷனரி என்ற வெறும் பெயர் மதிப்புத் தொகுப்பு. அதனிடம் கட்டணம் கேட்டால் அப்படி ஒரு பண்பு இல்லை என்ற பிழைதான் வரும். ஆகவே எழுதும்போது ஒவ்வொன்றோடும் வகை என்ற ஒரு புலத்தையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கும் இடத்தில் வகைப் பெயருக்கு எதிரே கிளாஸை வைத்த சிறிய டிக்ஷனரி ஒன்றை வைத்துக்கொண்டு, அதன்படி ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்குங்கள். ஆப்ஜெக்டை அப்படியே கோப்பில் சேமிக்கும் பிக்கிள் என்ற எளிய வழி பைத்தானில் இருக்கிறதே என்று தோன்றும். கிளாஸின் பெயரையோ அது இருக்கும் கோப்பின் பெயரையோ மாற்றினால் பழைய பிக்கிள் திறக்காது. தவிரவும், பிறர் தரும் பிக்கிள் கோப்பைத் திறப்பது அவர் எழுதிய எந்தக் கட்டளையையும் உங்கள் கணினியில் ஓட விடுவதாகும்.

வகைப் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இதை நான் எந்த ஏட்டிலும் படிக்காமல் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 'சோபா' என்ற சொல்லில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நீளத்தைக் கேட்டால் ஒன்று 4 என்றும் மற்றது 5 என்றும் வரும். கிளாஸ் பெயராக எழுதும்போது பைத்தான் இரண்டையும் தானாக ஒன்றாக்கிவிடுகிறது. எழுத்துச் சரமாக இருக்கும்போது அப்படிச் செய்வதில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சரக்குப் பட்டியலில் சோபா இரண்டு குறியாக இருந்ததால், என் டிக்ஷனரி அப்படி ஒரு வகையே இல்லை என்றது. யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கொண்டு, படிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் எல்லாச் சரங்களையும், இரண்டு குறியை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகள் வரும் எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தும்.

8. ஜாவா, சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்களுக்கு

ஜாவாவில் மாறிக்கும் ஒரு வகை உண்டு, ஆப்ஜெக்டுக்கும் ஒரு வகை உண்டு. எந்த மெத்தட்டைக் கூப்பிட அனுமதி என்பதை மாறியின் வகை தொகுக்கும்போதே முடிவு செய்கிறது. அதில் எந்த உடல் ஓடும் என்பதை ஆப்ஜெக்டின் வகை ஓடும்போது முடிவு செய்கிறது. ஒரே பெயரில் வேறு வேறு உள்ளீடுகளோடு பல மெத்தட்டுகள் இருந்தால் தேர்வு தொகுக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும். ஸ்டேடிக் மெத்தட்டுகளும் புலங்களும் பிள்ளையால் மாற்றப்படுவதில்லை, மறைக்கப்படுகின்றன. ஓவர்ரைடு குறியை ஜாவாவின் தொகுப்பியே சரிபார்ப்பதால் என் 'கட்டனம்' அங்கே முதல் நிமிடத்திலேயே பிடிபட்டிருக்கும். தாயின் மாறியைப் பிள்ளையாக மாற்றும் முன் இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு கேளுங்கள். ஜாவா 16 முதல் கேட்பதையும் மாற்றுவதையும் ஒரே வரியில் எழுதலாம்.

பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் படித்தவர்கள் விர்ச்சுவல் என்ற சொல்லை மறக்கக் கூடாது. தாயின் மெத்தட்டில் அது இல்லையென்றால், தாயின் பாயிண்டர் வழியாகக் கூப்பிடும்போது தாயின் கணக்குதான் ஓடும். தாயின் மதிப்புகளை வைக்கும் வெக்டருக்குள் ஜெனரேட்டரைப் போட்டால், டீசல் பகுதி வெட்டுப்பட்டு வாடகைப் பகுதி மட்டும் உள்ளே போகும். அங்கே பாயிண்டர்களைத்தான் வைக்க வேண்டும்; தாயின் அழிப்பியும் விர்ச்சுவலாக இருக்க வேண்டும்.

9. கடையில் நிறுவும் முன்

முதல் படியில் நகல் எடுத்த நாற்பது சிட்டைகளையும் ஒவ்வொன்றாக நிரலில் போட்டு, கையெழுத்தில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு சிட்டை என்றால் ஒரு வாரத்தில் முடியும். பொருந்தாதவற்றை நோட்டில் எழுதி, கடைக்காரரிடம் கேட்ட பிறகே நிரலைத் திருத்துங்கள். எனக்குப் பொருந்தாத ஐந்தில் மூன்று என் பிழை; மற்ற இரண்டும் தெரிந்தவர் என்பதற்காகப் பெரியப்பா குறைத்துக்கொண்டவை. அதற்காகக் கழிவு என்ற கிளாஸையும் சிட்டைவரிக்குப் பிள்ளையாகச் சேர்த்தேன். அதன் கட்டணம் எதிர்மறை எண்ணாக வரும் என்பதைத் தவிர வேறெந்த வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை.

பிறகு மூன்று முகூர்த்தங்களுக்குக் கைச்சிட்டையும் நிரலும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். இரண்டும் பைசா பிசகாமல் பொருந்தியபின் சிட்டைப் புத்தகத்தை அலமாரியில் எடுத்து வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கரண்ட் போன முகூர்த்த இரவில் அதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.